பாலத்துக்கு அடியில், ஒருமனதாக

மார்ச் மூன்றாம் தேதி மாலை, ஆற்றின் தென்கரையில் இருக்கும் துடுப்புப் படகுக் கழகத்தின் மாடி அறையில் கூடிய பொதுக்குழு, படகோட்டம் இனி எல்லோருக்கும் உரிய விளையாட்டு என்று ஒருமனதாகத் தீர்மானித்தது. கூட்டத்தில் உறுப்பினர்கள் மட்டும் கலந்துகொண்டார்கள். மற்றவர்களை மாடிக்கு அனுமதிக்க விதிகளில் இடமில்லை.

தீர்மானத்துக்குப் பின்னால் ஒரு சின்ன விஷயம் இருந்தது. கழகம் நிற்கும் நிலம் நகராட்சியுடையது. குத்தகை அந்த ஆண்டோடு முடிகிறது. பொது நிலத்தில் பொதுமக்களைக் காணோமே என்று நகராட்சியில் யாரோ கேட்டுவிட்டார்கள். கோடைப் போட்டிக்கு ஓர் அதிகாரி வருவார், கழகத்தின் படகில் வெளியாள் ஒருவராவது உட்கார்ந்திருப்பதை அவர் கண்ணால் பார்க்க வேண்டும், பார்த்தால்தான் குத்தகை என்று தகவல் வந்திருந்தது.

கழகத்தின் பெரிய படகில் எட்டுப் பேர் துடுப்புப் போடுவார்கள். அவர்களில் ஐவர் பல் மருத்துவர்கள். இருவர் வழக்கறிஞர்கள். மீதி ஒருவர், பல் மருத்துவர் ஒருவரின் மைத்துனர். கழகத்தில் எல்லாத் தரப்பினரும் இருக்கிறார்கள் என்பதற்கு அதுவரை அந்த மைத்துனர்தான் ஆதாரம். அவரை எட்டுப் பேரில் ஒருவர் மட்டும் மச்சான் என்று கூப்பிட வேண்டும். எல்லோரும் கூப்பிட்டார்கள்.

கழகத்தின் தலைவர், ஐந்து பல் மருத்துவர்களில் மூத்தவர், நகரப் பேருந்துகளின் முதுகில் விளம்பரம் ஒட்டச் சொன்னார். 'ஆறு உங்களுடையது, வாருங்கள்' என்று அதில் இருந்தது. பேருந்தில் போகிறவர்கள் பேருந்தின் முதுகைப் பார்ப்பதில்லை என்பது அவருக்குத் தோன்றவில்லை. அவர் பேருந்தைப் பின்னால் காரில் வந்துதான் பார்த்திருக்கிறார்.

விளம்பரத்தைப் படித்தவர் ஒரே ஒருவர். அவர் அந்தப் பேருந்துகளில் ஒன்றின் கண்டக்டர். கடைசி நிறுத்தத்தில் வண்டியைத் திருப்பும்போது அவர் இறங்கி, முதுகுப் பக்கம் நின்று, தகரத்தைத் தட்டி "வரலாம், வரலாம்" என்று சொல்ல வேண்டும். அப்படித் தட்டிய இடத்தில் 'வாருங்கள்' என்று எழுதியிருந்தது.

கண்டக்டர் நாற்பதைத் தாண்டிய பெண். குள்ளம், ஆனால் குரல் மட்டும் இரண்டு ஆள் உயரம். அவருடைய வண்டி நாள் முழுவதும் பழைய கல் பாலத்தின் மேல் போய்வந்துகொண்டிருக்கும். கீழே ஊசி மாதிரி நீளமான படகுகள் வரும். ஒரு பக்க ஜன்னலில் படகு பாலத்துக்குள் நுழைவதைப் பார்ப்பார். மறு பக்கம் அது வெளியே வருவதைப் பார்க்கலாம் என்று திரும்புவதற்குள் யாராவது சில்லறை கேட்பார்கள், அல்லது ஒரு பெரிய மனிதரின் தோள் ஜன்னலை அடைத்துக்கொண்டிருக்கும். இத்தனை வருட வேலையில் உள்ளே போன படகு வெளியே வந்ததை அவர் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. நடுவில் அது என்ன ஆகிறது, அந்த இருட்டுக்குள் என்ன இருக்கிறது என்பது அவருக்கு உறுத்தலாகவே இருந்தது. ஒரு தடவை தானே அதற்குள் போய் மறு பக்கம் வந்துவிட வேண்டும். வேறு ஆசை எதுவும் அவருக்கு ஆற்றின் மேல் இல்லை.

இதை டிரைவரிடம் சொன்னார். டிரைவர் சிரிக்கவில்லை. "போய்த்தான் பாரும்மா. உன் குரலுக்கு ஆறே ஒதுங்கி வழிவிடும்" என்றார்.

வீட்டில் அவருடைய கணவர் தையல்காரர். அவர் ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்: "ஆத்துக்குள்ள போய் யாருக்கு டிக்கெட் கிழிக்கப் போற?"

மறு வாரம் கண்டக்டர் கழகத்துக்குப் போனபோது வரவேற்புக் குழு முழுவதும் வாசலில் வரிசையாக நின்றிருந்தது, கேட்டுக்கு உள்ளே. கேட் பூட்டியிருந்தது. சாவி பொருளாளரிடம் இருந்தது, பொருளாளர் மலைக்குப் போயிருந்தார். எழுதிய பேச்சை வீணாக்க மனமில்லாமல் தலைவர் கம்பிகளுக்கு இடையே முகத்தை வைத்துப் பேசினார். இந்தக் கழகத்தின் கதவு என்றைக்கும் யாருக்கும் மூடப்பட்டதில்லை என்று தொடங்கினார்.

"ஐயா, பூட்டியிருக்கே" என்றார் கண்டக்டர்.

"அது கேட்டும்மா. நான் சொல்றது கதவு" என்றார் தலைவர். பிறகு தொடர்ந்தார். "எங்ககிட்ட பேதமே கிடையாது. எங்க அப்பா இங்க இருந்தார். அவங்க அப்பா இங்க இருந்தார். யாரையும் யாரும் எதுவும் கேட்டதில்ல. கேக்க வேண்டிய அவசியமே வந்ததில்ல, எல்லாரும் தெரிஞ்சவங்க."

கடைசியில் மச்சான்தான் படகுக் கூடத்தின் பின்வழி ஒன்று திறந்திருப்பதாகச் சொன்னார். குப்பை எடுக்க வருகிறவர்களுக்கான வழி அது. கண்டக்டர் அதன் வழியே உள்ளே வந்தார், வரவேற்புக் குழு ஓடிப்போய் அங்கே மறுபடி வரிசையாக நின்றது.

எந்த இடத்தில் உட்கார வைப்பது என்பது அடுத்த பிரச்சினை. எட்டுப் பேரும் தங்கள் இடத்தைப் பொதுமக்களுக்காக விட்டுத் தர மனப்பூர்வமாகத் தயார், ஆனால் பக்கத்து ஆளுடைய இடம்தான் அதற்குப் பொருத்தம் என்று எட்டுப் பேரும் கருதினார்கள். நல்லவேளையாக ஒன்பதாவது இடம் ஒன்று இருந்தது. துடுப்புப் போடுகிறவர்கள் போகும் திசைக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார்வார்கள். படகின் வாலில் ஒருவர் மட்டும் முன்னால் பார்த்து உட்கார்ந்து, படகைத் திருப்பும் சுக்கான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, எப்போது இழுப்பது, எப்போது நிறுத்துவது என்று குரல் கொடுப்பார். ஆள் சிறியவராக இருக்க வேண்டும், ஏனென்றால் அவர் வெறும் பாரம்.

"ரொம்ப யோசிச்சுத்தான் இந்த இடத்தை உங்களுக்குத் தர்றோம்" என்றார் தலைவர். "எங்கள்ல யாருக்கும் அது வேண்டாம்."

கழகத்தின் மேலங்கியும் கொடுத்தார்கள். ஆறடி ஆளுக்குக் குறைந்து அது தைக்கப்படுவதில்லை. கணவர் அதைத் தரையில் விரித்துப் பார்த்தார். "உனக்குத் தச்சது போக எனக்கு ஒரு சட்டை வரும், ரெண்டு தலையணை உறையும் வரும். நல்ல சங்கம்தான், விட்டுடாத" என்றார்.

முதல் நாள் ஆற்றில் எல்லாம் சரியாக நடந்தது என்பதைப் பதிவு செய்ய வேண்டும். படகு துறையை விட்டு நகர்ந்ததும் என்ன சொல்வது என்று கண்டக்டருக்கு மறந்துவிட்டது. வாயில் வந்ததைச் சொன்னார்: "போலாம், ரைட்." எட்டுத் துடுப்புகளும் ஒரே நேரத்தில் தண்ணீரில் விழுந்தன. படகு கோடு போட்ட மாதிரி போனது. அது நேராகப் போய் நெடுநாள் ஆகிறது என்று ஒரு வழக்கறிஞர் பிறகு சொன்னார். பாலம் பெரிதாகிக்கொண்டே வந்தது. நடு வளைவுக்குள் இருட்டு தெரிந்தது. கண்டக்டர் கழுத்தை நீட்டினார்.

அப்போது கரையிலிருந்து ஒலிபெருக்கியில் ஒரு குரல் எல்லோரையும் உடனே திரும்பச் சொன்னது.

அது அரவணைப்பு ஆலோசகரின் குரல். யாரும் ஒதுக்கப்படாமல் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் இருப்பதாக நகராட்சி அதிகாரிக்குக் காட்டுவதற்காகக் கழகம் அவரை நியமித்திருந்தது. அவருக்குத் தண்ணீர் என்றால் பயம், ஆகவே கரையிலேயே ஒரு நாற்காலியில் இருப்பார். இதற்கு முன் ஒரு மிருகக்காட்சி சாலையை எல்லோருக்கும் உகந்ததாக மாற்றியவர். அங்கே என்ன ஆனது என்று கேட்டதற்கு, வழக்கு நடப்பதால் பேசக் கூடாது என்றார்.

துறையில் எல்லோரையும் வட்டமாக நிற்க வைத்தார். "இப்ப நான் என்ன பாத்தேன்? ஒருத்தர் சொல்றாங்க, எட்டுப் பேர் செய்யறாங்க. இதுக்கு என்ன பேர்?"

"படகோட்டறது" என்றார் மச்சான்.

"ஆதிக்கம்" என்றார் ஆலோசகர்.

இது தெரியாமல் இத்தனை காலம் இருந்துவிட்டோமே என்று தலைவர் தலையில் கை வைத்துக்கொண்டார். ஆலோசகர் கண்டக்டர் பக்கம் திரும்பி, இந்த ஆதிக்கத்தில் அவர் எவ்வளவு வேதனைப்பட்டார் என்று மெதுவாகக் கேட்டார்.

"சார், சொன்னதே நான்தானே?"

"அதான் இன்னும் மோசம். உங்களை விட்டே செய்ய வெச்சிருக்காங்க."

அன்றிலிருந்து கட்டளைகள் நிறுத்தப்பட்டன. 'இழுங்க' என்பதற்குப் பதிலாக, இழுப்பது உங்களுக்குத் தோதாக இருக்குமா என்று கேட்க வேண்டும். கேட்டபின் பதிலுக்குக் காத்திருக்க வேண்டும். ஒரு பல் மருத்துவர் எப்போதும் யோசித்துத்தான் பதில் சொல்வார். அவர் யோசித்து முடிப்பதற்குள் படகு கரையோரப் புதருக்குள் போய்விடும்.

அடுத்த வாரம் இருக்கைகளின் எண்கள் எடுக்கப்பட்டன. ஒருவர் முதலாவது, ஒருவர் எட்டாவது என்றால் எட்டாவது ஆளின் மனம் என்ன பாடுபடும் என்று ஆலோசகர் கேட்டார். எட்டாவது இடம்தான் படகிலேயே பெரிய மரியாதை, அதற்காகப் பல வருடம் காத்திருக்க வேண்டும் என்று சொல்லிப் பார்த்தார்கள். இனி எல்லோருமே முதலாவது என்று முடிவானது. கண்டக்டர் ஒருவரைப் பார்த்து "ஒண்ணாம் நம்பர், கொஞ்சம் நிறுத்த முடியுமாங்க" என்றால் எட்டுப் பேரும் நிறுத்தினார்கள்.

அதற்கடுத்து, யாரையும் இடது, வலது என்று பிரித்து வைக்கக் கூடாது, அவரவர் விரும்பும் பக்கம் துடுப்புப் போடலாம் என்று வந்தது. வலது பக்கம் முகத்தில் வெயில் அடித்தது. ஆறு பேர் இடது பக்கத்தை விரும்பினார்கள். அந்த வாரம் முழுவதும் படகு துறைக்கு எதிரே ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது. கரையில் நடைபயிற்சி போகிறவர்கள் அதைச் செக்குமாடு மாதிரிச் சுற்றப் பழக்குகிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலானது முதுகுப் பிரச்சினை. படகில் ஒருவர் பின்னால் ஒருவர் உட்கார்ந்திருப்பதால் ஒவ்வொருவரும் இன்னொருவருடைய முதுகைத்தான் பார்க்கிறார்கள் என்பதை ஆலோசகர் கண்டுபிடித்தார். முதுகைப் பார்த்து யாரையாவது வரவேற்க முடியுமா என்றார். வால் பக்கம் இருந்த நான்கு இருக்கைகள் திருப்பிப் பொருத்தப்பட்டன. இப்போது நான்கு பேரும் நான்கு பேரும் முகம் பார்த்து உட்கார்ந்தார்கள். அந்த நான்கு பேர் ஒரு திசையில் இழுத்தார்கள், இந்த நான்கு பேர் எதிர்த் திசையில் இழுத்தார்கள்.

கண்டக்டர் கை தூக்கினார். "ஐயா, படகு நகரலையே."

"நகரணுங்கறது யாரோட எதிர்பார்ப்பு?" என்று கேட்டார் ஆலோசகர்.

கண்டக்டர் சிறிது யோசித்து, "படகோடதுங்க" என்றார்.

அந்த மாதக் கூட்டத்தில் தலைவர் முன்னேற்றத்தை விளக்கினார். முன்பெல்லாம் படகு எங்கே போகிறது என்று எட்டுப் பேருக்கும் தெரியாது, இப்போது படகு எங்கே இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும் என்றார். கைதட்டினார்கள்.

டிரைவர் இதையெல்லாம் தினமும் கேட்டு வந்தார். பேசாமல் விட்டுவிடச் சொன்னார், பாலத்துக்கு அடியில் போக ஒரு மீன்பிடிக்காரரைப் பிடித்தால் முடிந்தது என்றார். அது கண்டக்டருக்கும் தெரியும். ஆனால் மீன்பிடிக்காரர்கள் யாரும் பாலத்தருகே வருவதில்லை, அங்கே நீரோட்டம் வேகம் என்று விசாரித்து வைத்திருந்தார்.

"போட்டி பாலத்தைத் தாண்டித்தாண்ணே முடியுது" என்றார். "அன்னிக்கு ஒரு நாள் எப்படியும் போய்த்தானே ஆகணும்? அதுவரைக்கும் பொறுத்துக்கறேன்."

போட்டி நாளன்று விடுப்புப் போட்டுவிட்டு, வெட்டித் தைத்த மேலங்கியுடன் துறைக்குப் போனார். நகராட்சி அதிகாரி குடையும் இருமலுமாக முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். எதிராளி வடகரைக் கழகம். அவர்களுக்கும் குத்தகைப் பிரச்சினை, அவர்களுக்கு ஆலோசனை சொன்னவர் ஆலோசகரின் தம்பி. யாரும் யாருக்கும் முன்னால் படகில் ஏறக் கூடாது என்பது தம்பியின் கொள்கை. ஒன்பது பேரும் ஒரே கணத்தில் கால் வைக்க வேண்டும். அவர்கள் காலையிலிருந்து துறையில் ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தார்கள்.

விசில் ஊதினால் சிலர் திடுக்கிடக்கூடும் என்பதால், தொடங்கலாம் என்று தோன்றுகிறவர்கள் தொடங்கலாம் என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். தென்கரைப் படகில் நான்கு பேருக்குத் தோன்றியது. அவர்கள் இழுத்தார்கள். மற்ற நால்வரும் மரியாதைக்கு இழுத்தார்கள். படகு நின்ற இடத்தில் நடுங்கியது. வடகரையில் ஒருவர் சறுக்கித் தண்ணீரில் விழுந்ததால் அவர்களில் மற்ற எட்டுப் பேரும் மறுபடி கரையேறி அவருக்காகக் காத்திருந்தார்கள்.

மேற்கே முந்தின நாள் மழை பெய்திருந்தது. நடு ஆற்றில் வந்து நின்ற படகை நீரோட்டம் மெல்லப் பிடித்துக்கொண்டது. எட்டுப் பேரும் ஒருவரையொருவர் எதிர்த்து இழுத்துக்கொண்டிருக்க, படகு தன்பாட்டுக்குப் பாலத்தை நோக்கிப் போனது. கரையில் ஆரவாரம் எழுந்தது. நமது முறை வேலை செய்கிறது என்று தலைவர், திசைக்கு முதுகைக் காட்டியபடி, சொன்னார்.

கண்டக்டருக்குப் பாலம் தெரிந்தது. வளைவு தெரியவில்லை. நேர் எதிரே தூண்தான் தெரிந்தது. விதிப்படி வாயைத் திறந்தார்.

"எல்லாருக்கும் வணக்கம். எதிர்ல ஒரு தூண் வருது. இடது பக்கமாப் போலாமா, வலது பக்கமாப் போலாமான்னு உங்க விருப்பத்தைச் சொன்னீங்கன்னா சந்தோஷப்படுவேன்."

"தூண் வருதுன்னு சொல்லாதீங்கம்மா" என்று தலைவர் திருத்தினார். "நாமதான் போறோம். தூண் மேல பழி போடக் கூடாது."

வாக்கெடுப்பு நடந்தது. நான்கு பேர் இடது, நான்கு பேர் வலது. கண்டக்டருக்கு வாக்கில்லை, அது ஆதிக்கமாகும். மச்சான், திருப்பிப் போட்ட இருக்கையில் தூணைப் பார்த்தபடி இருந்தவர், தான் எந்தப் பக்கமானாலும் சரி என்று மாற்றிக்கொள்வதாகச் சொன்னார். போட்ட வாக்கை மாற்றலாமா என்று ஒரு வழக்கறிஞர் ஆட்சேபம் எழுப்பினார். ஆட்சேபத்தை முறையாகச் சொல்வதற்காக எழுந்து நின்றார். படகு ஆடியது. தூணில் படிந்திருந்த பாசியின் பச்சை இப்போது நன்றாகத் தெரிந்தது.

தூணில் மோதினால் பாலத்துக்கு அந்தப் பக்கம் போக முடியாது. கண்டக்டர் நினைத்தது அவ்வளவுதான். மற்றதெல்லாம் பழக்கத்தில் வந்தது.

"யாருய்யா அது நடுவுல நிக்கறது, உட்காரு. திரும்பி உட்கார்ந்திருக்கற நாலு பேரும் துடுப்பைத் தொடாதீங்க. மத்த நாலு பேர் இழுங்க. போலாம், ரைட்."

வழக்கறிஞர் உட்கார்ந்தார். நான்கு பேர் இழுத்தார்கள். கண்டக்டர் சுக்கான் கயிற்றை இழுத்தார். படகின் மூக்கு தூணை விட்டு விலகி வளைவைப் பார்த்தது. வளைவு குறுகல்.

"துடுப்பை உள்ள இழு. கையத் தலைய வெளிய நீட்டாதீங்க."

ஒரு பேருந்திலும் ஏறியிராத எட்டுப் பேரும் கையையும் தலையையும் உள்ளே இழுத்துக்கொண்டார்கள். படகு இருட்டுக்குள் நுழைந்தது.

உள்ளே குளிர்ந்திருந்தது. மேலே கற்கள் ஈரமாக இருந்தன, இடுக்குகளில் புறாக்கள் இருந்தன, துருப்பிடித்த குழாய் ஒன்று போனது. தலைக்கு மேல் தடக் தடக் என்று ஒரு சத்தம் கடந்தது. பாலத்தின் இணைப்பில் பேருந்தின் சக்கரம் ஏறி இறங்கும் சத்தம்தான். மேலிருந்து கேட்டால் அவருக்குத் தூக்கத்திலும் தெரியும். கீழிருந்து கேட்பது இதுதான் முதல் தடவை. கண்டக்டர் தலையை முழுவதும் பின்னால் சாய்த்து, வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். படகு வெளியே வந்த பிறகும் திரும்பிப் பாலத்தின் மறு பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சுக்கான் கயிறு கையில் இருப்பது அவருக்கு நினைவில்லை. முடிவுக் கோட்டின் மிதவையைத் தாண்டிச் சிறிது தூரத்தில் படகு ஒரு மணல்திட்டில் ஏறி, மூக்கு ஒடிந்து நின்றது.

"முடிஞ்சதா?" என்று கேட்டார் தலைவர்.

"ஜெயிச்சுட்டோம் மாமா" என்றார் மச்சான். தலைவர் அவருக்கு மாமா இல்லை.

முழங்கால் அளவு சேற்றில் நடந்து ஒன்பது பேரும் சாலைக்கு ஏறினார்கள். கார்கள் எல்லாம் துறையில் இருந்தன. பேருந்து நிறுத்தத்தில் நின்றார்கள். வந்தது கண்டக்டருடைய வண்டிதான், அன்றைக்கு வேறொரு கண்டக்டர் இருந்தார். எட்டுப் பேரும் ஏறி, ஒருவர் பின்னால் ஒருவராக, முன்னால் இருப்பவரின் முதுகைப் பார்த்து உட்கார்ந்தார்கள். யாரும் ஆட்சேபிக்கவில்லை. வண்டி நேராகத்தான் போனது.

டிரைவர் கண்ணாடியில் பார்த்து, "பாத்தாச்சாம்மா?" என்றார்.

"பாத்தாச்சுண்ணே."

"என்ன இருக்கு உள்ள?"

"புறா இருக்கு."

"நம்ம டிப்போலயும்தான் இருக்கு."

"இது வேறண்ணே" என்றார் கண்டக்டர்.

நகராட்சி அதிகாரி, படகில் வெளியாள் ஒருவரைத் தம் கண்ணால் பார்த்ததாகவும், அவர் வெளியாள்தான் என்பது உயரத்திலேயே தெரிந்ததாகவும் அறிக்கை கொடுத்தார்.

பத்து நாள் கழித்து மாடி அறையில் விசாரணை நடந்தது. புதிய விதிகளின்படி, யாரையும் படகோட்டத்திலிருந்து ஒதுக்கி வைப்பது கழகத்தில் மிகப் பெரிய குற்றம். போட்டியின் நடுவே, துடுப்பைத் தொட வேண்டாம் என்று நான்கு உறுப்பினர்களிடம் கண்டக்டர் சொன்னதைப் பலர் கேட்டிருந்தார்கள். அந்த நால்வரில் மூவர் தாங்கள் ஒதுக்கப்பட்டதாக உணர்ந்ததை விவரித்தார்கள், ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நாலாமவரான மச்சான், தனக்கு அப்படி எதுவும் தோன்றவில்லை, கை வலித்ததால் நிம்மதியாக இருந்தது என்றார். அது குறிப்பில் சேர்க்கப்படவில்லை. மாடிக்கு அனுமதி இல்லாததால் கண்டக்டர் கீழே படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார்.

தலைவர் இறங்கி வந்து தீர்ப்பைச் சொன்னார். கழகத்தின் இத்தனை ஆண்டு வரலாற்றில் இப்படி ஒரு குற்றத்தை யாரும் செய்ததில்லை, செய்ய ஆளே இருந்ததில்லை என்றார்.

"அப்ப நான் இனிமே வர வேண்டாங்களா?" என்று கேட்டார் கண்டக்டர்.

"உங்களை எப்பவும் வரவேற்போம்மா" என்றார் தலைவர். "உள்ள விட முடியாது, அவ்வளவுதான்."

கண்டக்டர் மேலங்கியைக் கழற்றி மடித்துக் கொடுத்தார். அது யாருக்கும் பொருந்தாது என்று அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அவருக்கு மாலை வேலை இருந்தது, போய்விட்டார்.

சுக்கான் இருக்கை இப்போது காலியாக இருக்கிறது. குத்தகை முப்பது ஆண்டுகளுக்குப் புதுப்பிக்கப்பட்டது.